பவானிசாகர் மண் அணைதானே, குடும்பத்துடன் நம்பிப் போகலாமா?

ஈரோடு மாவட்டத்துப் பவானிசாகர் மண்ணால் கட்டிய அணை என்பதால் பெங்களூருவிலிருந்து குழந்தைகளை அங்கே அழைத்துச் செல்வது ஆபத்தா, அணையின் மேலே ஏன் யாரையும் விடுவதில்லை, முழுக்க நிரம்பும் முன்பே உபரி நீர் என்று ஆற்றில் திறந்துவிடுவது வீண் இல்லையா என்று மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். மண் அணையில் தண்ணீர் எந்த வழியாகப் போக வேண்டும் என்பதை மனிதர்கள் முடிவு செய்திருக்க வேண்டும். தண்ணீர் தானே வழி தேடிக்கொள்ளும் நிலை ஒருபோதும் வரக் கூடாது.

எனக்குச் சொந்த ஊர் கோபி பக்கம். இந்த அணையிலிருந்து வரும் கீழ்பவானி வாய்க்கால் பாயும் பூமியில் வளர்ந்து, பிழைப்புக்காகப் பெங்களூருவுக்கு வந்து, ஓய்வு பெறும் வரை மண் பரிசோதனைக் கூடங்களில் வேலை பார்த்தவன். அதனால் இந்த அணை எனக்கு ஊர்க் காரியமாகவும் தொழில் காரியமாகவும் இருக்கிறது.

மண் என்றாலே பலவீனம் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். இந்தியாவிலேயே உயரமான அணையான உத்தராகண்டின் டெஹ்ரி, சுமார் 260 மீட்டர் உயரத்துக்கு மண்ணையும் பாறையையும் கொட்டி இறுக்கிக் கட்டப்பட்டதுதான். 1955இல் பயன்பாட்டுக்கு வந்த பவானிசாகரும் எட்டுக் கிலோமீட்டருக்கு மேல் நீளும் மண் கரைதான் என்றாலும், வெள்ளம் வெளியேறும் பகுதி மட்டும் கல் கட்டுமானமாக இருக்கிறது.

கரைக்குக் கொண்டுவரும் மண்ணை வெறுமனே குவித்தால் அது மேடு ஆகுமே தவிர அணை ஆகாது. ஒரு சாண் கனத்துக்கும் குறைவாகப் பரப்பி, தேவையான அளவு தண்ணீர் தெளித்து, ரோலர் விட்டு இறுக்கி, அடர்த்தியைச் சோதித்த பிறகே அடுத்த அடுக்கைப் போட வேண்டும். ஈரம் குறைந்தால் மண் கட்டிகளுக்கு இடையே வெற்றிடம் தங்கிவிடும். கூடினால் எத்தனை முறை ரோலர் ஓட்டினாலும் மண் இறுகாமல் நெளிந்துகொண்டே இருக்கும். அனுபவம் உள்ள மேற்பார்வையாளர்கள் ஒரு பிடி மண்ணை எடுத்து அமுக்கிப் பார்ப்பார்கள். பிடிகொழுக்கட்டை போல விரல் தடம் பதிந்து, உதிராமலும் கையில் ஒட்டாமலும் நின்றால் ஈரம் சரி என்று பொருள். ஆய்வுக்கூடத்தில் கிடைக்கும் எண்ணும் பெரும்பாலும் அதற்குப் பக்கத்திலேயே இருக்கும்.

இவ்வளவு இறுக்கிய கரையும் கசியத்தான் செய்யும். கசியாத மண் அணை உலகத்தில் கிடையாது. ஆகவே நீர் எளிதில் ஊடுருவாத களிமண்ணை உட்பகுதியில் வைத்து, அதற்குப் பின்னால் மணலும் சரளையும் கொண்ட வடிகட்டி அடுக்கை அமைத்து, கசிந்து வரும் நீரைக் கரையின் அடிவாரத்து வடிகாலில் சேர்ப்பார்கள். அந்த நீரை ஆங்கில 'வி' எழுத்து வடிவில் வெட்டிய தகட்டின் வழியே விட்டு, வழியும் உயரத்தை வைத்து அளவைக் கணக்கிடுவார்கள். அளவைக் காட்டிலும் நான் முக்கியமாகக் கருதுவது நிறத்தை. கசிவு நீரை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் காட்டும்போது தெளிவாக இருந்தால், வடிகட்டி தன் வேலையைச் செய்கிறது. நீர்மட்டம் மாறாமல் இருக்கும்போதே கசிவு திடீரென்று கூடினாலோ, பாட்டிலின் அடியில் வண்டல் படிந்தாலோ, கரையின் உட்புற மண் துகள் துகளாக வெளியேறிக்கொண்டிருக்கிறது. அன்றே பொறியாளர்களை வரவழைக்க வேண்டும்.

அந்த அரிப்பு எவ்வளவு வேகமானது என்பதை அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து டீட்டன் அணை காட்டியது. 1976 ஜூன் 5 அன்று, முதல் முறையாக நீர் நிரப்பிக்கொண்டிருந்தபோது, காலையில் கரையின் பக்கத்தில் கலங்கல் நீர் கசிவதைப் பார்த்தார்கள். துளையை அடைக்க அனுப்பிய புல்டோசர்களே அதற்குள் சரிந்து விழுந்தன. நண்பகலுக்குள் அணை உடைந்துவிட்டது.

இரண்டாவது அபாயம் நீர் கரையைத் தாண்டி வழிவது. கான்கிரீட் அணையின் மேல் சிறிது நேரம் வெள்ளம் வழிந்தால் பெரும்பாலும் அது தாங்கிக்கொள்ளும். மண் கரையின் மேல் வழிந்தால் பின்புறச் சரிவு அரித்துக்கொண்டே மேலேறி, கரையே ஆற்றோடு போய்விடும். குஜராத்தின் மச்சு-2 அணையில் 1979 ஆகஸ்ட் 11 அன்று நடந்தது இதுதான். மதகுகள் எவ்வளவு வெள்ளத்தைக் கடத்தும் என்று கணக்கிட்டுக் கட்டினார்களோ அதைப் போல இரு மடங்குக்கும் மேலான வெள்ளம் வந்தது. நடுவில் இருந்த கட்டுமானம் நின்றது, இரு பக்கத்து மண் கரைகளும் அடித்துச் செல்லப்பட்டன, கீழே இருந்த மோர்பி நகரம் மூழ்கி ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். 2021 நவம்பர் 19 அன்று ஆந்திராவின் அன்னமய்யா அணையிலும் வெள்ளம் வழிந்து மண் கரை உடைந்தது. ஆகவே மண் அணைக்கு மதகுதான் உயிர். மதகைத் தூக்கும் மோட்டார், கம்பி வடம், மின்சாரம் நின்றால் கைகொடுக்கும் ஜெனரேட்டர் ஆகியவை மழைக்காலத்துக்கு முன்பே சரிபார்க்கப்பட வேண்டும். 2021இல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டமும் பெரிய அணைகளை மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் கட்டாயம் ஆய்வு செய்யச் சொல்கிறது.

இப்போது உங்கள் 'வீண்' என்ற கேள்விக்கு வருகிறேன். பவானிசாகரின் முழு நீர்மட்டம் 105 அடி, கொள்ளளவு 32.8 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). ஆனால் அக்டோபர் முடியும் வரை 102 அடிக்கு மேல் தேக்குவதில்லை. நவம்பரில்தான் 105 அடி வரை விடுகிறார்கள். நீலகிரியில் கனமழை பெய்து, பவானி ஆற்றில் மேலே இருக்கும் பில்லூர் அணை நிரம்பினால், அதன் உபரி முழுவதும் மேட்டுப்பாளையம் வழியாக இங்கேதான் வந்து சேரும். இங்கே வந்து கலக்கும் இன்னொரு ஆறான மாயாறும் தன் பங்குக்குக் கொண்டுவரும். அந்த நேரத்தில் உள்ளே இடம் இல்லாவிட்டால், வருகிற வெள்ளத்தை அப்படியே கரையோர ஊர்களின் மேல் திறந்துவிடுவதைத் தவிர வேறு வழி இருக்காது. அந்த மூன்று அடி வெற்றிடம் வெள்ளத்துக்காக ஒதுக்கி வைத்த இடம். விவசாயிக்கு அது கண்ணெதிரே போகும் தண்ணீர் என்பது எனக்குத் தெரியும், என் உறவினர்களே அப்படித்தான் வருந்துவார்கள். ஆனாலும் இந்த விதியைத் தளர்த்தக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

பல பயன்களுக்கான அணை என்றால் பல பேருடைய விருப்பங்களுக்கு இடையே நிற்கும் அணை என்றும் பொருள். மின் உற்பத்திக்கு மட்டம் உயரமாக இருக்க வேண்டும், வெள்ளத் தடுப்புக்குக் காலியாக இருக்க வேண்டும், சுற்றுலாவுக்கு ஏரி நிறைந்து தெரிய வேண்டும், பாசனத்துக்குத் தண்ணீர் வெளியே போக வேண்டும். கீழ்பவானியின் இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட பாசனப் பரப்பை ஒரே நேரத்தில் நனைக்கப் போதுமான நீர் இல்லாததால், வாய்க்காலின் ஒற்றைப்படை எண் கொண்ட பாசன மதகுகளுக்கு ஒரு போகம், இரட்டைப்படை மதகுகளுக்கு மறு போகம் என்று பிரித்து விடுகிறார்கள். காலிங்கராயன், தடப்பள்ளி, அரக்கன்கோட்டை ஆகிய பழைய வாய்க்கால்களுக்கும் உரிமை உண்டு. வாய்க்காலில் கசிவு பற்றிய பார்வையே மாறிவிடுகிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அணையில் அடக்கி வைக்க வேண்டிய அதே கசிவுதான் வாய்க்காலோரத்துக் கிணறுகளுக்கு ஊற்று. கான்கிரீட் போட்டால் கிணறு வற்றும் என்று ஒரு பகுதி விவசாயிகளும், கடைமடைக்குத் தண்ணீர் சேர வேண்டும் என்று மற்றொரு பகுதியினரும் மோதுவது அதனால்தான். இரு பக்கமும் நியாயம் இருக்கிறது.

அணையின் மேலே ஏற விடாததற்குக் காவல் ஒரு காரணம், கரையின் நலன் இன்னொரு காரணம். வண்டிச் சக்கரத் தடத்தில் மழைநீர் ஓடினால் சரிவில் ஓடை போல அரிப்பு விழும். அலை அரிக்காமல் இருக்க நீர்ப்பக்கத்தில் பதித்த கற்களைப் பெயர்த்துத் தண்ணீரில் எறிவது பிள்ளைகளுக்கு விளையாட்டு, கரைக்குக் காயம். தின்பண்ட உறைகள் அடிவார வடிகாலை அடைத்தால் கசிவை அளக்கவே முடியாது. எறிந்த தீனிக்கு எலிகள் வந்து வளை தோண்டும். பூங்காவைக் கரைக்குக் கீழே அமைத்து, கரையைத் தனியே விட்டிருப்பது சரியான ஏற்பாடு. பூங்காவில் பிள்ளைகளை விளையாட விடுங்கள், நீர்த்தேக்கத்து மீன் வறுவலும் வாங்கிக் கொடுங்கள்.

பாதுகாப்பைப் பற்றி இவ்வளவு அக்கறையோடு கேட்கும் நீங்கள், நம் நகரத்து ஏரிக்கரைகளையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டுகிறேன். 1882இல் அமைந்த சாங்கி ஏரி தொடங்கி, பெங்களூருவின் ஏரிகள் மண் கரையால் நிற்பவையே. அவற்றில் மிகப் பல, உயரம் குறைவு என்பதால் அணைப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருவதில்லை. ஆனால் கரையை ஒட்டியே அடுக்குமாடிக் குடியிருப்புகள் வந்துவிட்டன. 2019 நவம்பரில் ஹுளிமாவு ஏரிக்கரை உடைந்தபோது மழை வெள்ளம் எதுவும் இல்லாமலே நூற்றுக்கணக்கான வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. நடைப்பயிற்சி போகும்போது கரையின் பின்புறச் சரிவில் புதிதாக ஈரமோ, கலங்கல் நீரோ, குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளமோ கண்ணில் பட்டால், படம் எடுத்து மாநகராட்சிக்கு அனுப்புங்கள்.

பயணத்தைப் பொறுத்தவரை, திம்பம் மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. காலையிலேயே கிளம்பிப் பகலில் இறங்கிவிடுங்கள். அணைக்குக் கீழே ஆற்றில் பிள்ளைகளை இறக்காதீர்கள். மதகு திறந்தால் நீர் சட்டென்று உயரும். குளிக்க ஆசை என்றால் அதே ஆற்றில் கீழே இருக்கும் கொடிவேரி தடுப்பணைக்குப் போகலாம். ஆற்றில் உபரி நீர் விடும் நாட்களில் அங்கே அனுமதி நிறுத்தப்படும் என்பதால், கிளம்பும் முன் பவானிசாகரின் அன்றைய நீர் திறப்பு எவ்வளவு என்று செய்தியில் பார்த்துக்கொள்ளுங்கள்.