ஹைடுக்கு மூத்தவள்

வணக்கம் ஐயா,

முதுகலை ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். டாக்டர் ஜெக்கில் மருந்து குடித்து ஹைட் என்ற கொடியவனாக மாறும் ஸ்டீவன்சனின் ஜெக்கில்–ஹைட் கதையில் பெண்களே இல்லை என்று சொல்லிவிடலாம். மிதிபடும் ஒரு சிறுமி, ஒரு வேலைக்காரி, அவ்வளவுதான். ஓர் உடலுக்குள் இரண்டு ஆள் என்பது விக்டோரியா காலத்து வெகுஜன நாவல்களில் ஆணுக்கு மட்டும்தானா? பெண் என்றால் தேவதை, தவறினால் பேய்தானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வேலைக்காரியை லேசாகத் தள்ளிவிடாதீர்கள். ஹைட் செய்த கொலையை ஜன்னலிலிருந்து பார்த்த சாட்சி அவள்தான். மற்றபடி, ஹைட் 1886இல், அந்தக் கதை வெளியானபோது பிறந்தவன். அவனுக்கு 24 வயது மூத்தவள் ஒருத்தி இருக்கிறாள்: மேரி எலிசபெத் பிராடன் 1862இல் எழுதிய ‘லேடி ஆட்லியின் ரகசியம்’ நாவலின் நாயகி.

பொன்னிறக் கூந்தல், குழந்தை முகம், ஊரே மெச்சும் கனிவு. முதல் கணவன் சொல்லாமல் கொள்ளாமல் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட, பெயரை மாற்றிக்கொண்டு வயதான பணக்காரரை மணந்தவள். அவன் திரும்பி வந்ததும் பழைய கிணற்றில் விழவைக்கிறாள்.

அவளுடைய மறுமுகத்தை பிராடன் முதலில் காட்டுவது ஓர் ஓவியத்தில். அவள் வெளியூர் போன நாளில் இரண்டு நண்பர்கள் ரகசிய வழியாக அவள் அறைக்குள் நுழைகிறார்கள். அங்கே இருக்கும் அவளுடைய படத்தில் கூந்தல் இழையிழையாகத் தீட்டப்பட்டிருக்கிறது. ஆனால் செல்லமாகக் குவிந்த அதே வாயில் கொடூரம். சிவப்பு உடையின் மடிப்புகளில் நெருப்பு. நண்பர்களில் ஒருவன் அவளுடைய முதல் கணவன். படத்தின் முன் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கிறான்.

ஆக, இரட்டை முகம் அவளுக்கும் இருந்தது. அதற்கு இட்ட பெயர்தான் வேறு. மனிதன் ஒருவன் அல்லன், இருவன் என்று ஜெக்கில் தன் குற்றத்தை மனித இயல்பாகவே ஆக்கிவிடுகிறார். (தமிழிலும் ‘மனிதன்’ ஆண்பாலாகத்தான் வந்து நிற்கிறான், பாருங்கள்.) லேடி ஆட்லிக்கோ மருத்துவரை அழைத்துவருகிறார்கள். வீடு பிடிக்காமல் ஓடினாள், செல்வத்துக்காக மறுமணம் செய்தாள், இதில் பைத்தியம் எங்கே என்று முதலில் அவர் கேட்கிறார். முதல் கணவன் காணாமல் போனதை அறிந்து, அவளையும் பார்த்த பிறகு, பைத்தியம் இல்லை, ஆனால் ஆபத்தானவள் என்கிறார். அது போதுமானதாக இருக்கிறது. வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை. குடும்ப மானத்துக்காக பெல்ஜியத்தில் ஒரு மனநோய் விடுதியில் அடைத்துவிடுகிறார்கள். அங்கேயே சாகிறாள்.

ஜெக்கில் கதையில் பெண் இல்லாத குறை நாடகக்காரர்களையும் உறுத்தியிருக்கிறது. 1887இல் மேடையேற்றியபோது, கொலையுண்டவருக்கு ஒரு மகளை உண்டாக்கி ஜெக்கிலுக்கு நிச்சயம் செய்துவிட்டார்கள். அவளுக்கு ஒரே முகம்தான்.