சைக்கிள் ட்ரெய்னரில் மணிக்கு 40 கி.மீ., ஆலங்குளம் ரோட்டில் 37.5 ஏன்?

வீட்டுக்குள்ள சைக்கிளை நிறுத்தி மிதிக்கிற ட்ரெய்னரில் 40 காட்டுது, ரோட்டில் 37.5தான் வருதுன்னு கேட்டீங்க. மிதிக்கிற சக்தி அதே 250 வாட்டா இருந்தும் 20 கி.மீ.யில் 2 நிமிஷம் கூட ஆகுறதுக்கு ஆடி மாச மேல்காத்தே போதும், உங்க காலில் குறையில்லை. ட்ரெய்னர் காட்டும் 40 வெறும் கணக்கு. அதில் காத்தும் இல்லை, உங்க முழங்கை விரிஞ்சு காத்தைத் தடுக்கிறதும் இல்லை.

தென்காசி பக்கமா எதிர்காத்துல போகையில் மணிக்கு 30 கி.மீ., பின்காத்தோட திரும்பையில் 50னு வைங்க. 10 கி.மீ.க்கு 20 நிமிஷம், அப்புறம் 12, ஆக 32. சீரா 40-ல் போனா 30தான். எதிர்காத்துல கழியுற நேரம் அதிகம், அதனால பின்காத்து அதை ஈடுகட்டாது.

காத்தாலை இறக்கை அசையாத விடியற்காலையில, அதே வாட்டில் ரெண்டு பக்கமும் ஓட்டிப் பாருங்க. அப்பவும் 40 வரலைன்னா உட்காருற விதத்தைக் கவனிங்க. தோள்பட்டையில சட்டை படபடக்குதா, களைச்சதும் தலை மேலே வருதான்னு பக்கவாட்டுல வீடியோ எடுக்கச் சொல்லுங்க.

ரெண்டு இடத்திலும் ஒரே பவர் மீட்டர் (மிதிக்கிற வாட்டை அளக்கிற கருவி) இருக்கணும். ட்ரெய்னர் வாட்டும் பெடல் வாட்டும் ஒத்துப்போகலைன்னா இந்த ஒப்பீடே செல்லாது.