இரவு நடைக்கு 10,000 லூமன் டார்ச் லைட் வாங்கலாமா?

அநேகமாக வாங்கிவிட்டுத்தான் கேட்கிறீர்கள். நானும் பெட்டியில் இருந்த எண்ணைப் பார்த்து மயங்கி வாங்கியவன்தான்.

லூமன் என்பது விளக்கு தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு. பெட்டியில் இருந்த எண் பொய் என்று சொல்ல வரவில்லை. ஒழுங்கான தயாரிப்பாளர்கள் ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்ற அளவுமுறைப்படிதான் போடுகிறார்கள். ஆனால் விளக்கைப் போட்ட முதல் ஓரிரு நிமிடத்துக்குள் அளந்த வெளிச்சம் அது. 10,000 லூமன் என்றால் சுமார் 100 வாட். உள்ளங்கை அளவு அலுமினியத்துக்குள் அவ்வளவு மின்சாரம் போனால் சூடு தாங்காது, விளக்கு தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இது தெரியாமல்தான் ஒரு பனி இரவில் மாட்டிக்கொண்டேன். கேட் திறந்திருந்த நேரம் பார்த்து எங்கள் நாய் வெளியே ஓடிவிட்டது. புது டார்ச்சை டர்போவில், அதாவது முழு வெளிச்சத்தில், போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினேன். எதிரே வெள்ளைச் சுவர் எழுப்பியதுபோல் பனி மட்டும்தான் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் கை சுட்டது, வெளிச்சம் பாதிக்கும் கீழே போனது. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்துப் பட்டனை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டு நின்றேன்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா ஒரு ஒல்லி டார்ச்சோடு வந்தார். அது 1,000 லூமன்கூட இருக்காது. இடுப்புக்குக் கீழே பிடித்து அடித்தார், தரை தெரிந்தது. கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தால் பனியில் பட்ட ஒளி நேராக நம் கண்ணுக்கே திரும்புகிறதாம். பனி கொஞ்சம் விலகியதும் அதே டார்ச்சை நெற்றியோரம் தூக்கிப் பிடித்தார். இப்போது கண்ணருகே பிடிப்பதுதான் சரி, ஏனென்றால் விலங்கின் கண் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும். புதரில் இரண்டு பச்சைப் புள்ளிகள். இவ்வளவு நேரமும் அங்கே உட்கார்ந்து என்னை வேடிக்கை பார்த்திருக்கிறது!

'உனக்குப் பயன்படுத்தத் தெரியவில்லை, விளக்கைக் குறை சொல்லாதே' என்று கீழே யாராவது எழுதுவீர்கள். சரி, தெரியவில்லைதான். பெட்டியில் 10,000 என்று கொட்டை எழுத்தில் போட்டவர்கள் சூடேறினால் வெளிச்சம் குறையும் என்பதையும் ஒரு வரி போட்டிருக்கலாமே.

நீங்கள் பார்க்க வேண்டியது கேண்டெலாவை, அதாவது ஒளிக்கற்றை ஒரு திசையில் எவ்வளவு வலுவாகப் போகிறது என்ற அளவை. அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் ஒளி எட்டும் தூரம் மீட்டரில் வரும்: 10,000 கேண்டெலாவுக்கு 200 மீட்டர். அந்த 200-வது மீட்டரில் கிடைப்பது முழுநிலா வெளிச்சம், அதாவது 0.25 லக்ஸ்தான். அதனால் பாதி தூரத்தை நம்புங்கள். நடைக்கு மட்டும் என்றால் தூரமும் பெரிதாக வேண்டாம், சூடேறாமல் மணிக்கணக்கில் 300 லூமன் தந்தால் போதும். எரியும் நேரம் என்று போட்டிருப்பதையும் அப்படியே நம்பாதீர்கள், வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை கணக்கில் சேர்ப்பார்கள்.

இந்த டார்ச்சுகளில் போடும் 18650 என்ற உருளை லித்தியம் பேட்டரியில், கொள்ளளவு 9,900 எம்ஏஎச் என்று எழுதியிருந்தால் தொடாதீர்கள். அந்த அளவில் நல்லதே 3,500 பக்கம்தான். அப்புறம், பையில் போடும்போது பின்மூடியைக் கால் திருகு தளர்த்திவிடுங்கள். பல விளக்குகளில் அதுவே மின்சாரத்தைத் துண்டித்துவிடும். என் பேன்ட் பையில் இருக்கும் ஓட்டை, இதைச் செய்யாததால் விளக்கு உள்ளேயே எரிந்து சுட்டு விழுந்தது.

இன்னொன்று, யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள். என் மச்சான் ஒரு வாரம் வைத்திருந்துவிட்டு, சொட்டு சார்ஜ் இல்லாமல் திருப்பிக் கொடுத்து, "என்ன மாமா, வெளிச்சமே இல்லை?" என்றார். போன வருடம் வாங்கிப்போன ஏணி இன்னும் அவர் வீட்டு மாடியில்தான் சாய்ந்திருக்கிறது. கேட்டால் என் மனைவிக்குக் கோபம் வருகிறது.