பெயர் மாறும் கப்பல்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மீன்வளத்தைச் சூறையாடும் கப்பல்களை எந்த நாடும் தனித்து நின்று தடுக்க முடியாது என்று சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மாநாடு கூட்டிக் கையெழுத்துப் போட்டதால் எந்தத் திருடனும் பிடிபட்டதாக நான் அறியவில்லை. இந்தோனேசியா அத்துமீறிய கப்பல்களைப் பிடித்து மூழ்கடித்தது. அப்படித் துணிந்த கடற்படை ஒன்று இருந்தால் போதாதா? இன்னொரு அச்சமும் உண்டு. இதை ‘ஒருங்கமைந்த குற்றம்’ என்று உலக நாடுகள் முத்திரை குத்தினால், அந்த முத்திரை கடைசியில் எங்கள் பக்கத்துத் தூத்தூர் ஆழ்கடல் மீனவர்கள் மீதுதானே விழும்?

ஆர்.,
குமரி மாவட்டம்

அன்புள்ள ஆர். அவர்களுக்கு,

உங்கள் இரண்டாவது கேள்விதான் கனமானது. அதற்கு வருமுன் இந்தோனேசியாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

2016 மார்ச்சில் பங்கந்தரான் கடற்கரை அருகே அந்நாடு வெடிவைத்துத் தகர்த்த ‘வைக்கிங்’ கப்பலை நீங்கள் மனத்தில் வைத்திருக்கலாம். அந்தக் கப்பல் வேறொரு பெயரில் திரிந்துகொண்டிருந்த 2013ஆம் ஆண்டிலேயே, நோர்வே கேட்டுக்கொண்டதன் பேரில், இன்டர்போல் அதைப் பற்றித் தன் உறுப்பு நாடுகள் அனைத்துக்கும் அறிவிப்பு அனுப்பியிருந்தது. வெடித்த காட்சியைத்தான் உலகம் படமாகப் பார்த்தது. அதற்கு முந்தைய மூன்றாண்டுக் கடிதப் போக்குவரத்தை யாரும் பார்க்கவில்லை.

இதைவிடத் தெளிவான வழக்கு ‘எஸ்.டி.எஸ். 50’ என்ற கப்பலுடையது. 1985இல் ஜப்பானில் கட்டப்பட்ட அது, ‘ஆந்த்ரே தோல்கவ்’, ‘சீ பிரீஸ் 1’ என்று பெயரையும் அவ்வப்போது கொடியையும் மாற்றிக்கொண்டே, அண்டார்டிகாவைச் சூழ்ந்த தென்கடலில் டூத்ஃபிஷ் பிடித்துவந்தது. டூத்ஃபிஷ் இரண்டு மீட்டர் வரை நீளக்கூடியது, ஐம்பது ஆண்டு வரை வாழக்கூடியது. மெதுவாக வளர்ந்து, காலம் தாழ்த்தி இனம் பெருக்கும் அந்த மீனை வகைதொகையின்றி அள்ளினால் இனமே நொடித்துப்போகும். அதனால்தான் மீனின் செவுளில் சிக்கிப் பிடிக்கும் செவுள்வலைக்கு அங்கே தடை இருக்கிறது.

கப்பலின் பெயரை ஒரு வாளி பெயின்ட்டால் மாற்றிவிடலாம். நம் விசைப்படகுகளின் முகப்பில் நாட்டையும் மாநிலத்தையும் குறிக்கும் எழுத்துகளோடு பதிவு எண் எழுதப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெருங்கப்பல்களுக்கு அதுபோல, பெயரும் கொடியும் உரிமையாளரும் மாறினாலும் மாறாத ஏழிலக்க எண் ஒன்று உண்டு. 2017இல் சீனத் துறைமுகம் ஒன்றில் சோதனைக்குள்ளாகியும் நழுவிவிட்ட இந்தக் கப்பல், 2018இன் தொடக்கத்தில் மடகாஸ்கரை அணுகி, வலைகளை இறக்கிக்கொள்ள அனுமதி கேட்டது. அனுமதியை எழுதிக் கொடுப்பதற்கு முன், அங்கிருந்த அதிகாரிகள் கப்பல் தந்த எண்ணைச் சரிபார்த்தார்கள். எண் பொய்யென்று தெரிந்தது. தென்கடல் மீன்வளத்தைக் காக்கும் பன்னாட்டு ஆணையத்துக்கு உடனே தகவல் போனது. அந்த ஆணையத்தின் கறுப்புப் பட்டியலில் இந்தக் கப்பல் 2016 முதலே இருந்தது. நான் மிகவும் மதிப்பது மடகாஸ்கரில் எண்ணைச் சரிபார்த்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களைத்தான்.

கப்பல் அங்கிருந்து மொசாம்பிக்குக்கு ஓடியது. அந்நாட்டுத் தலைநகர் மாபுடோவில் அதை நிறுத்திவைத்து மாலுமிகளின் கடவுச்சீட்டுகளை வாங்கிவைத்தும், மார்ச் மாதத்தில் அது தப்பிவிட்டது. அதன்பின் கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள் தங்களுக்குள் அமைத்துக்கொண்ட ‘ஃபிஷ்-ஐ ஆப்பிரிக்கா’ என்ற தகவல் கூட்டணி அதன் சமிக்ஞைகளைத் தொடர்ந்தது. தான்சானிய அதிகாரிகளை ஏற்றிக்கொண்டு, கடல்வாழ் உயிர்களைக் காக்கப் பாடுபடும் சீ ஷெப்பர்ட் என்ற தன்னார்வ அமைப்பின் கப்பல் துரத்தியது. ஏப்ரல் 6 அன்று, சுமத்ராவின் வடமுனையில் உள்ள வே தீவுக்குத் தென்கிழக்கே, இந்தோனேசியக் கடற்படை அதில் ஏறியது. உள்ளே ஏறத்தாழ 600 வலைகள். ஒன்றோடொன்று கோத்தால் 29 கிலோமீட்டர் நீளம்.

அந்தக் கடற்படையின் துணிவை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தன் கரையிலிருந்து 200 கடல் மைலுக்கு அப்பால், ஒரு கப்பலின் மீது அதிகாரம் செலுத்தும் உரிமை பெரும்பாலும் அது பறக்கவிடும் கொடிக்குரிய நாட்டுக்கே உண்டு என்பது கடல் சட்டத்தின் அடிப்படை. எஸ்.டி.எஸ். 50 டோகோவின் கொடியைச் சொல்லிக்கொண்டிருந்தது. ‘அது எங்கள் கப்பல் அல்ல’ என்று டோகோ சொன்ன பிறகு நாடற்ற கப்பலாகிவிட்டது. நாடற்ற கப்பலில் எந்த நாட்டுப் போர்க்கப்பலும் ஏறிச் சோதிக்கலாம். சிறிய மேற்காப்பிரிக்க நாடு ஒன்றின் பதிவாளர் தந்த பதில், இவ்வளவு பெரிய கதவைத் திறக்கிறது.

நீங்கள் வெறும் கையெழுத்து என்று தள்ளிவிட்ட உடன்படிக்கைகளின் பயனும் இதுவே. 2016 ஜூன் 5 முதல் நடைமுறைக்கு வந்த துறைமுக நாடுகள் உடன்படிக்கை, ஐயத்துக்குரிய கப்பல் மீனை இறக்கவோ எரிபொருள் நிரப்பவோ இடம் கொடுக்காதிருக்க உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்துகிறது. பிடித்த மீனை எங்காவது கரையேற்றித்தானே காசாக்க வேண்டும். கடலெல்லாம் காவல் நிற்க முடியாது; துறைமுக வாயிலில் நிற்க முடியும். ஒரு துறைமுகம் மட்டும் மூடினால் கப்பல் அடுத்த துறைமுகத்துக்குப் போகும் என்பதால், அடுத்தடுத்த துறைமுகங்களும் சேர்ந்தே மூடியாக வேண்டும்.

இனி உங்கள் அச்சத்துக்கு வருகிறேன், அது நியாயமானது. இந்தியப் பெருங்கடலின் நடுவே உள்ள டீகோ கார்சியா தீவை ஒட்டிய கடலில் தூத்தூர் மீனவர்கள் பிடிபட்டிருக்கிறார்கள். எல்லை தாண்டியது குற்றமென்றாலும், மீனைத் துரத்திப் போய்ப் பிடிபட்டவரையும், போலிப் பதிவு, கள்ள ஆவணம், ஆள்கடத்தல், வரி ஏய்ப்பு ஆகியவற்றைத் தொழிலாகவே நடத்துபவரையும் ஒரே தட்டில் வைப்பதை நான் ஏற்கமாட்டேன். எஸ்.டி.எஸ். 50இல் இருந்த இந்தோனேசிய மாலுமிகள் இருபது பேர். அவர்களே ஆள்கடத்தலுக்கு இரையானவர்களாக இருக்கக்கூடும் என்ற ஐயம் அப்போதே எழுந்தது. 2015இல் இந்தோனேசியாவின் பெஞ்சினா என்ற தீவுக் கிராமத்தில், மீன்பிடி அடிமைகளாகக் கூண்டில் அடைத்துவைக்கப்பட்டிருந்தவர்கள் வெளிச்சத்துக்கு வந்தார்கள். இவற்றில் குற்றவாளி வலை இழுப்பவர் அல்லர். கரையில் கணக்குப் பார்ப்பவர்.

அந்தக் கரைக்காரரைத் தொடுவதில்தான் பன்னாட்டு ஒத்துழைப்பு இன்றுவரை தடுமாறுகிறது. தென்கடலில் கள்ளத்தனமாக டூத்ஃபிஷ் பிடித்த கப்பல்களோடு தொடர்புடையதாகச் சொல்லப்பட்ட ஸ்பானியக் குடும்ப நிறுவனம் ஒன்றின் மீதான குற்ற வழக்கை, திறந்த கடலில் நடந்ததை விசாரிக்கத் தங்களுக்கு அதிகாரமில்லை என்று சொல்லி 2016 டிசம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. அதை வாசித்தபோது எனக்கு உண்டான வேதனையை மறைக்க விரும்பவில்லை.

மீனவருக்குச் சட்டத்தில் ஒரு காப்பு இருக்கிறது. 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 73ஆம் பிரிவின்படி, கரையிலிருந்து 200 கடல் மைல் வரை நீளும் பொருளாதார மண்டலத்தில் மீன்பிடி விதிகளை மீறியதற்காக, சம்பந்தப்பட்ட நாடுகளுக்கிடையே வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், வெளிநாட்டு மீனவரைச் சிறையிலடைக்கக் கூடாது. உரிய பிணையம் கட்டினால் படகையும் ஆட்களையும் விரைவில் விடுவிக்க வேண்டும். கரையிலிருந்து 12 கடல் மைலுக்குட்பட்ட கடலுக்கு இது பொருந்தாது. உங்கள் பக்கத்து மீனவர் சங்கங்கள் இந்தப் பிரிவைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு ஆழ்கடல் படகிலும் வைக்க முன்வந்தால், மொழிபெயர்ப்பைச் செய்துதர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

அன்புடன்.