தவணையில் ஃபுல் ஃபிரேம் கேமரா வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. சம்பள வேலையில் இருக்கிறேன். மூன்று ஆண்டுகளாகப் பொழுதுபோக்காகப் படம் எடுத்து வருகிறேன். கையில் இருப்பது 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார்) மிரர்லெஸ் கேமராவும் அதோடு வந்த 18-55 கிட் லென்ஸும். பிள்ளைகளின் மேடை நிகழ்ச்சிகள், வீட்டு விசேஷங்கள், மாலை நேரத் தெரு ஆகியவைதான் அதிகம் எடுப்பது. வெளிச்சம் குறைந்தால் படம் புள்ளி புள்ளியாகிவிடுகிறது. ஃபுல் ஃபிரேம் பாடியும் (லென்ஸ் இல்லாத கேமரா) 24-70 எஃப் 2.8 லென்ஸும் வாங்க ஆசை. இரண்டும் சேர்ந்து என் நான்கு மாதச் சம்பளம் ஆகும். 10 சதவீத வட்டியில் 24 மாதத் தவணை தருகிறார்கள். வார இறுதியில் கல்யாணம், பிறந்தநாள் படம் எடுத்தே தவணையைக் கட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். அவசரச் சேமிப்பு இரண்டு மாதச் செலவுக்கு இருக்கிறது, கிரெடிட் கார்டில் கொஞ்சம் பாக்கி உண்டு. கணவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, யோசித்துக்கொள் என்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். உங்கள் பொழுதுபோக்கைக் குறைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. நீங்கள் சொல்லும் குறைக்கு இவ்வளவு செலவு தேவையே இல்லை.

முதலில் அந்த 10 சதவீதம். தவணைக் கடைகளில் சொல்லும் 10 சதவீதம் பெரும்பாலும் நிலையான வட்டி, அதாவது நீங்கள் அசலைக் கட்டிக் குறைத்துக்கொண்டே வந்தாலும் முதல் நாள் தொகைக்கே கடைசி வரை வட்டி போடுவார்கள். அப்படித்தான் என்றால், 100 கடன் வாங்கி 24 மாதத்தில் 120 கட்டுகிறீர்கள். குறையும் அசலுக்கு மட்டும் வட்டி என்று கணக்கிட்டால் இது ஆண்டுக்கு 18 சதவீதத்தைத் தாண்டும். கையெழுத்துப் போடும் முன் ‘குறையும் அசலுக்கா, முழு அசலுக்கா?’ என்று கேளுங்கள். பதில் இழுத்துக்கொண்டு வந்தால் விஷயம் புரிந்துவிடும்.

உங்கள் கணக்கில் தவணை என்பது மாதச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு, 24 மாதத்துக்கு. அதே ஐந்தில் ஒரு பங்கை வங்கியில் போட்டு வைத்தால் 20 மாதத்தில் முழு விலையும் கையில் இருக்கும். கடைசி நான்கு மாதத் தவணை வெறும் வட்டி. அதற்குள் அந்த மாடலுக்கு அடுத்தது வந்துவிட்டால் பழையது விலை இறங்கியும் இருக்கும். கேமரா பாடி என்பது பெட்டியைப் பிரித்த அன்றே மதிப்பு குறையத் தொடங்கும் பொருள். விலை இறங்கும் பொருளுக்கு 18 சதவீத வட்டி கட்டுவதை எந்தக் கணக்காலும் நியாயப்படுத்த முடியாது.

சரி, படத்துக்கு வருவோம். நீங்கள் ரசித்து வைத்திருக்கும் ஒரு 200 படங்களைக் கணினியில் திறந்து, ஒவ்வொன்றிலும் பதிவாகியிருக்கும் ஃபோகல் லெங்த் (எவ்வளவு ஜூம்), அபர்ச்சர் (லென்ஸ் எவ்வளவு திறந்தது; எஃப் எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம்), ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கூட்டிக்காட்டும் அளவு; ஏறினால் புள்ளி விழும்) மூன்றையும் பாருங்கள். மேடை நிகழ்ச்சிகள் அதிகம் என்பதால், பாதிக்கு மேல் 55 மி.மீ. முனையில், எஃப் 5.6-இல், ஐஎஸ்ஓ 3200, 6400 என்று இருக்கும் என்பது என் ஊகம். அப்படி இருந்தால் குறை கேமராவில் இல்லை, லென்ஸில் இருக்கிறது.

ஃபுல் ஃபிரேம் சென்சாரின் (வெளிச்சத்தைப் பிடிக்கும் சில்லு) அளவு 36-க்கு 24 மி.மீ. உங்களுடையது ஏறக்குறைய 23.5-க்கு 15.6. பரப்பளவில் அது உங்களுடையதைப் போல 2.3 மடங்கு, அதாவது ஒரு ஸ்டாப்பைவிட (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) சற்று அதிகமான லாபம். எஃப் 5.6-இலிருந்து எஃப் 2.8-க்குப் போனால் வெளிச்சம் 4 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 9 மடங்குக்குச் சற்று மேல். நான்கு மாதச் சம்பளத்தில் நீங்கள் வாங்கப்போவது இதைத்தான்.

இப்போது இருக்கும் கேமராவிலேயே 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். எஃப் 5.6-உடன் ஒப்பிட்டால் வெளிச்சம் கிட்டத்தட்ட 10 மடங்கு! பெரும்பாலான கேமரா நிறுவனங்களின் வரிசையில் இதுதான் விலை குறைந்த லென்ஸ்களில் ஒன்று. ஜூம் இருக்காது, நீங்கள்தான் முன்னும் பின்னும் நடக்க வேண்டும். தெளிவாகத் தெரியும் ஆழமும் குறைவு என்பதால் ஃபோகஸைக் கவனமாக வைக்க வேண்டும். எஃப் 2.8 ஜூமுக்கு வேறு வசதிகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் குறை, குறைந்த வெளிச்சத்தில் புள்ளி விழுவது. அதற்கான மருந்து இது.

இன்னொன்றையும் யோசியுங்கள். ஃபுல் ஃபிரேமுக்கு மாறினால் உங்கள் கிட் லென்ஸ் அதில் சரிப்படாது. மாட்ட முடிந்தாலும் சென்சாரின் நடுப்பகுதி மட்டுமே பயன்படும், 24 மெகாபிக்சல் பாடியில் 10 மெகாபிக்சல் படம்தான் வரும். அதனால் அடுத்தடுத்து லென்ஸ், கனத்துக்கு ஏற்ற டிரைபாட், பெரிய பை என்று செலவு தொடரும். டிரைபாடை எல்லோரும் இரண்டு முறை வாங்குகிறார்கள் என்பது என் அனுபவம், முதல் முறை மலிவாக, இரண்டாம் முறை ஒழுங்காக.

வார இறுதிக் கல்யாணங்களால் தவணை கட்டும் திட்டம்தான் எனக்கு அதிகம் கவலை தருகிறது. கல்யாணம் எடுக்கப் போகிறவரிடம் இரண்டு பாடி இருக்க வேண்டும். ஒன்று நடுவில் நின்றுபோனால் தாலி கட்டுவதை மறுபடி கட்டச் சொல்ல முடியாது. ஃபிளாஷ், உபரி பேட்டரிகள், ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் பதியும் வசதி, வேகமான கார்டுகள், இவை எதுவும் உங்கள் நான்கு மாதச் சம்பளக் கணக்கில் இல்லை. ஒரு நாளில் 1,500 ரா (RAW, சுருக்காத மூலக் கோப்பு) படங்கள் எடுத்தால் சுமார் 40 ஜிபி. அதை மூன்று பிரதிகளாக, இரண்டு விதமான சாதனங்களில், ஒன்று வீட்டுக்கு வெளியே என்று வைப்பதுதான் முறை. அப்புறம் எடிட்டிங். படம் எடுத்த நேரத்தைவிட அதில் செலவாகும் நேரம் அதிகம், அந்த மணிகள் உங்கள் பிள்ளைகளோடு இருக்கும் நேரத்திலிருந்துதான் போகும். பணம் வாங்கிப் படம் எடுப்பது தவறில்லை. தவணைத் தேதி துரத்துவதால் எடுப்பதுதான் தவறு. அப்போது பிடிக்காத வேலையையும் மறுக்க முடியாது. உண்மையிலேயே ஆர்வம் இருந்தால், அனுபவமுள்ள ஒருவருக்கு இரண்டாவது கேமராக்காரராக நாலைந்து நிகழ்ச்சிகளுக்குப் போய் வாருங்கள்.

ஆக, இந்த வரிசையில் செய்யுங்கள். கிரெடிட் கார்டு பாக்கியை முதலில் முடியுங்கள். அதன் வட்டி பெரும்பாலும் தவணை வட்டியையும் மிஞ்சும். அடுத்து, அவசரச் சேமிப்பை ஆறு மாதச் செலவு வரை உயர்த்துங்கள். இது நடக்கும்போதே, சம்பளத்தில் 3 முதல் 5 சதவீதத்தைக் கேமரா கணக்கு என்று தனியாக ஒதுக்குங்கள். லென்ஸ், எடிட்டிங் மென்பொருள் சந்தா, ஹார்டு டிஸ்க், படமெடுக்கப் போகும் பயணம் எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும். உங்கள் கணவருக்கும் அதே அளவு, அவர் விருப்பத்துக்கு, கேள்வி கேட்காமல். அந்த 50 மி.மீ. லென்ஸுக்குச் சில மாதச் சேமிப்பே போதும்.

பழைய லென்ஸ் வாங்கத் தயங்க வேண்டாம். கேனன், நிக்கான் இரண்டும் 2018-இல் ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ்ஸுக்குப் புது மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வளையம்) கொண்டுவந்த பிறகு, பலரும் தங்கள் டிஎஸ்எல்ஆர் (கண்ணாடி உள்ள பழைய வகைக் கேமரா) லென்ஸ்களை விற்று வருகிறார்கள். அடாப்டர் போட்டு அவற்றைப் பயன்படுத்தலாம். உங்கள் பாடியில் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யுமா என்று மட்டும் முன்பே உறுதிசெய்யுங்கள். டார்ச் அடித்து லென்ஸின் கண்ணாடிக்குள் பூஞ்சை இழை தெரிகிறதா என்று பாருங்கள், தெரிந்தால் எவ்வளவு மலிவானாலும் திருப்பிக் கொடுங்கள்.

புது லென்ஸோடு ஓராண்டு படமெடுத்த பிறகும் ஃபுல் ஃபிரேம் ஆசை குறையவில்லை என்றால், ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்து அதே மேடையை எடுத்துப் பாருங்கள். வித்தியாசம் உங்கள் கண்ணுக்கே தெரிந்தால், கேமரா கணக்கில் பணம் சேர்ந்ததும் ரொக்கமாக வாங்குங்கள். எந்தப் பாடி என்று முடிவானதும் எழுதுங்கள், காப்பீடு பற்றி அப்போது பேசுவோம். பணம் வாங்கிப் படமெடுக்கும்போது பொருள் சேதமானால் சாதாரண வீட்டுக் காப்பீடு பெரும்பாலும் கை கொடுக்காது என்பதை மட்டும் இப்போதே சொல்லி வைக்கிறேன்.