குடிநீர், மழைநீர், கழிவுநீர்: நகராட்சி மூன்றையும் சேர்த்துத் திட்டமிட வேண்டுமா?

பணம் வரும்போது ஒவ்வொன்றாகச் செய்தால் ஆகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலையை ஒவ்வொன்றாகச் செய்யலாம். கணக்கைத்தான் தனித்தனியாகப் போடக் கூடாது.

இத்தகைய திட்ட வரைவுகளைச் சரிபார்ப்பது என் தொழில். முதலில் நான் புரட்டுவது மக்கள்தொகைக் கணிப்புப் பக்கத்தை. குடிநீர் அறிக்கை சொல்லும் ஊரும் கழிவுநீர் அறிக்கை சொல்லும் ஊரும் பல நேரங்களில் ஒன்றாக இருப்பதில்லை. ஆண்டு வேறு, எல்லை வேறு, தலைக்கணக்கு வேறு. வீடுகளுக்குக் கொடுக்கும் நீரில் ஏறத்தாழ 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்பது பொதுவாக எடுத்துக்கொள்ளும் கணக்கு. ஆகவே, குடிநீரைக் கூட்டும் எந்தத் திட்டமும் கழிவுநீரையும் கூட்டிவிடுகிறது, யாரும் அதற்குக் கையெழுத்துப் போடாமலே.

குடிநீர் அழுத்தத்தில் ஓடுவதால் மேட்டுக்கும் ஏறும். கழிவுநீருக்குச் சரிவு வேண்டும். நொடிக்கு 0.6 மீட்டர் வேகமாவது இல்லாவிட்டால் மணலும் கசடும் குழாயின் அடியில் தங்கிவிடும். சரிவைக் காப்பாற்றக் குழாயை ஆழப்படுத்திக்கொண்டே போனால், ஓரிடத்தில் நீரேற்று நிலையம் கட்டியாக வேண்டும். அதற்கு நிலம் ஊரின் தாழ்வான பகுதியில் தேவை. மழைநீர் தேடி வருவதும் அதே பள்ளத்தைத்தான். மனை போட்டு விற்பவர்களும் அங்கேதான் கண்வைக்கிறார்கள்!

மூன்றில் அதிகம் கைவிடப்படுவது மழைநீர். மண்தரை பெரும்பங்கை உறிஞ்சிக்கொள்ளும். கூரையும் கான்கிரீட்டும் பத்தில் எட்டு, ஒன்பது பங்கை வடிகாலுக்குத் தள்ளிவிடும். எனவே வடிகாலின் அளவு மழைப்பதிவேட்டைப் பொறுத்தது மட்டுமல்ல, கட்டட அனுமதிகளையும் பொறுத்தது. 2011 ஜூலை 2 அன்று கோபன்ஹேகனில் இரண்டு மணி நேரத்துக்குள் சுமார் 150 மில்லிமீட்டர் மழை கொட்டியது. குழாய்களைப் பெரிதாக்குவதோடு நிற்காமல், பூங்காக்களில் நீரைத் தேக்கவும் சில தெருக்கள் வழியே வழியனுப்பவும் அந்நகரம் 2012இல் திட்டம் வகுத்தது.

மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு லண்டன் சாட்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கலப்புச் சாக்கடைகள் மழை பெய்யும்போது தேம்ஸ் ஆற்றில் வழிந்துகொண்டிருந்தன. அதைத் தடுக்க 25 கிலோமீட்டர் சுரங்கக் குழாய் தோண்ட வேண்டியதாயிற்று. தனித்தனிக் குழாய்கள் இருந்தாலும், மாடி மழைநீரைப் பாதாளச் சாக்கடையில் இணைத்துவிட்டால் சுத்திகரிப்பு நிலையம் திணறும். கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்களே வெள்ளத்தோடு அடித்துச் செல்லப்படும்.

குடிநீரை இடைவெளி விட்டு வழங்கும் ஊர்களில் இன்னோர் ஆபத்து உண்டு. குழாய் காலியாகும்போது உள்ளே உறிஞ்சல் ஏற்பட்டு, பக்கத்துச் சாக்கடைக் கசிவு இணைப்புகள் வழியாகப் புகுந்துவிடும். இரண்டு துறைகளும் ஒரே வரைபடத்தில் குழாய்களைக் குறித்தால்தான் இது கண்ணில் படும்.

ஒரு தெருவுக்குள் எதை முதலில் தொடுவது என்று கேட்டால், ஆழமானதை. பாதாளச் சாக்கடை, பிறகு மழைநீர் வடிகால், பிறகு குடிநீர்க் குழாய், கடைசியில் தார். இந்த வரிசையைச் சாலைப் பிரிவுக்கும் எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவர்கள்தான் முதலில் வந்து தார் போட்டுவிடுகிறார்கள்.