தரம் 11 விஞ்ஞானத் தாளும் ஏஐயும்: மூதூர் ஆசிரியை ஒருவருக்குப் பதில்

கேள்வி: மூதூர்ப் பக்கம் ஒரு பாடசாலையில் தரம் 11க்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வகுப்பில் 36 பிள்ளைகள். தவணைப் பரீட்சைத் தாள் திருத்தி முடிந்துவிட்டது. புள்ளிப் பட்டியலைப் படம் எடுத்து சற்ஜிபிடியிடம் கொடுத்தால் யார் பின்தங்கியிருக்கிறார்கள், எதைத் திரும்பப் படிப்பிக்க வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும் என்கிறார்கள். நம்பிச் செய்யலாமா? தமிழில் வினாத்தாளும் அதில் தயாரிக்கலாமா? பிள்ளைகள் வீட்டுவேலையையும் அதைப் பார்த்தே எழுதி வருகிறார்கள், அதற்கு என்ன செய்வது? என்னிடம் இருப்பது ஒரு மடிகணினியும் போன் டேட்டாவும்தான்.

பதில்: ரீச்சர், புள்ளிப் பட்டியலைக் கொடுக்க வேண்டாம். அதில் பிள்ளைகளின் பெயர் இருக்கிறது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதைவிடப் பெரிய காரணம், நீங்கள் தேடுகிற விடயம் அந்தப் பட்டியலில் இல்லை. 42 புள்ளி எடுத்த இரண்டு பிள்ளைகளை எடுங்கள். ஒருத்தி உயிரியல் பகுதியை முழுவதும் சரியாகச் செய்து மின்னியலில் விழுந்திருப்பாள். மற்றவன் எல்லா அலகிலும் அரைகுறையாக நிற்பான். இரண்டு பேருக்கும் வேண்டிய உதவி வேறு வேறு, பட்டியலோ இருவரையும் ஒரே வரியில் நிறுத்துகிறது. இல்லாத தகவலை ஏஐ தோண்டி எடுக்காது. ஆனால் கேட்டால் 'இந்த மாணவர்களுக்குக் கூடுதல் பயிற்சி தேவை' என்று நம்பும்படி நாலு பந்தி எழுதித் தரும். அதை வைத்துக்கொண்டு நாளைக்கு வகுப்பில் எதைத் தொடங்குவது என்று உங்களுக்குத் தெரியாது.

உங்களுக்கு வேண்டியது தாளின் முதலாம் பகுதியில், பல்தேர்வு வினாக்களில் கிடக்கிறது. சாதாரண தர விஞ்ஞானத் தாளைப் போலவே தவணைத் தாளையும் அமைத்திருப்பீர்கள்: 40 பல்தேர்வு வினா, ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை. பிழையான விடைகளை நாம் சிவப்புப் பேனாவால் வெட்டிவிட்டுப் போய்விடுகிறோம். எந்தப் பிழையான விடைக்குப் பிள்ளை புள்ளடி போட்டது என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை. பிள்ளையின் மனதுக்குள் என்ன இருக்கிறது என்று காட்டுவது அந்தப் புள்ளடிதான்.

ஒரு வினாவைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஒரு மின்கலத்துடன் ஒரே மாதிரியான இரண்டு மின்குமிழ்கள் தொடராக இணைக்கப்பட்டுள்ளன. எது கூடப் பிரகாசமாக ஒளிரும்? (1) நேர்முனைக்குப் பக்கத்தில் உள்ளது, (2) மறைமுனைக்குப் பக்கத்தில் உள்ளது, (3) இரண்டும் சமமாக, (4) இரண்டுமே ஒளிராது. சரியான விடை மூன்று. உங்கள் 36 பேரில் 13 பேர் மூன்றையும் 16 பேர் ஒன்றையும் 4 பேர் இரண்டையும் 3 பேர் நான்கையும் தெரிவுசெய்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த 16 பேரும் கண்ணை மூடிக்கொண்டு புள்ளடி போடவில்லை. மின்னோட்டம் முதலாவது குமிழில் கொஞ்சம் செலவழிந்து, மிச்சம்தான் அடுத்த குமிழுக்குப் போகிறது என்று அவர்கள் உண்மையாகவே நம்புகிறார்கள். உலகம் எங்கும் பிள்ளைகளிடம் காணப்படுகிற எண்ணம் இது. இவர்களுக்கு ஓமின் விதியைத் திரும்ப ஒருமுறை கரும்பலகையில் எழுதிப் பயனில்லை. அம்பியர்மானியைக் குமிழுக்கு முன்னும் பின்னும் வைத்து, இரண்டு இடத்திலும் ஒரே வாசிப்பு வருவதை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். அம்பியர்மானி இல்லையென்றால் மின்கலத்தை மறுபக்கம் திருப்பிப் போட்டுக் காட்டுங்கள், குமிழ்களின் பிரகாசம் மாறாது.

அதே வினாவில் பிழையான விடைகள் மூன்றும் ஏறக்குறைய சம அளவில் வந்திருந்தால் கதை வேறு. அது வெறும் ஊகம். அந்த அலகு வகுப்புக்குப் போய்ச் சேரவே இல்லை, அடியிலிருந்து தொடங்க வேண்டும். 13 பேர்தான் சரி என்ற ஒரே எண்ணிக்கைக்குள் இந்த இரண்டு நிலைமையும் ஒளிந்திருக்கலாம். தரவு விஞ்ஞானம் என்று பெரிய பெயரில் சொல்வதில் ஒரு வகுப்பு ஆசிரியருக்குத் தேவையான பாதி இவ்வளவுதான்.

இனிச் செய்முறை. எக்செல்லில் ஒரு தாளைத் திறவுங்கள். இணையம் தேவையில்லை. வரிசைக்கு ஒரு பிள்ளை, நிரலுக்கு ஒரு வினா, கட்டத்துக்குள் பிள்ளை தெரிவுசெய்த விடையின் இலக்கம். 40 வினாவையும் ஏற்றினால் 1440 கட்டம். தனியாகக் குந்தியிருந்து ஏற்றக் களைத்துப்போவீர்கள், ஒருவர் வாசிக்க ஒருவர் தட்டினால் வேலை ஓடும். நேரம் இல்லையென்றால் மிக மோசமாகப் போன பத்து வினாவை மட்டும் எடுங்கள். அதன்பிறகு 'கவுண்ட்இஃப்' (COUNTIF) சூத்திரத்தால் ஒவ்வொரு வினாவுக்கும் 1, 2, 3, 4 எத்தனை எத்தனை என்று எண்ணுங்கள். இந்த எண்ணுகிற வேலையை ஏஐயின் உரையாடலில் ஒட்டிக் கேட்க வேண்டாம். அது அடிப்படையில் அடுத்து வரக்கூடிய சொல்லை ஊகித்து எழுதுகிற கருவி, நீண்ட அட்டவணையை எண்ணச் சொன்னால் வழுக்கிவிடும். சில கருவிகள் பின்னால் கணினிச் செய்நிரல் எழுதிச் சரியாகக் கணிக்கும் என்பது உண்மைதான், ஆனால் எக்செல் இருக்கும்போது அந்தச் சந்தேகமே உங்களுக்குத் தேவையில்லை.

ஒரு வினா, விளங்கிய பிள்ளையையும் விளங்காத பிள்ளையையும் பிரித்துக் காட்டுகிறதா என்று அறிய இன்னொரு கணக்கும் பார்க்கலாம். பிள்ளைகளை மொத்தப் புள்ளிப்படி வரிசைப்படுத்தி மேலே 27 சதவீதத்தையும் கீழே 27 சதவீதத்தையும் பிரித்தெடுங்கள். இந்த அளவை 1939இல் ட்ரூமன் கெலி என்ற கல்வியளவீட்டு அறிஞர் கணக்கிட்டுக் காட்டினார், இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. உங்கள் வகுப்புக்கு மேலே 10 பேர், கீழே 10 பேர். மின்குமிழ் வினாவை மேலே 6 பேரும் கீழே 2 பேரும் சரியாகச் செய்திருந்தால் வித்தியாசம் 4, அதை 10ஆல் வகுத்தால் 0.4. நல்ல வினா. 0.2க்குக் கீழே போனால் வினாவின் வசனத்தைத் திரும்ப வாசியுங்கள். மறைப் பெறுமானம் வந்தால், அதாவது கெட்டிக்காரர் பிழைவிட்டுப் பின்னால் நிற்பவர்கள் சரியாகச் செய்திருந்தால், முதலில் நீங்கள் திருத்தப் பயன்படுத்திய சரியான விடைப் பட்டியலையே சந்தேகியுங்கள். 36 பேர் சிறிய தொகை என்பதால் இந்த இலக்கங்களைத் தடயமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது வரவு இடாப்பைப் பற்றி. எக்செல் தாளில் இன்னும் ஒரு நிரல் சேர்த்து, அந்த அலகு நடந்த நாட்களில் பிள்ளை எத்தனை நாள் வந்தது என்று இடாப்பைப் பார்த்து நிரப்புங்கள். மாரி மழை விடாமல் பெய்து பாதை வெள்ளத்தில் கிடந்த வாரமா, பெரும்போக அறுவடையில் பிள்ளைகள் வயலுக்குப் போன வாரமா, வீட்டில் தோணி வேலைக்கு ஆள் இல்லாத நாளா, உங்களுக்குத்தான் தெரியும். பிழைவிட்டவர்களில் பெரும்பாலானோர் அந்த வாரம் வராதவர்கள் என்றால் அது விளக்கக்குறைவு இல்லை, பாடமே கிடைக்கவில்லை. அவர்களுக்குத் தனியாக ஒரு மாலை வகுப்பு போதும். வந்திருந்த பிள்ளைகளும் அதே பிழையை விட்டிருந்தால் படிப்பித்த முறையை மாற்ற வேண்டும். 'பின்தங்கிய மாணவர்' என்று பிள்ளையின் நெற்றியில் எழுதுவதற்கு முன் இதைப் பார்ப்பது நம் கடமை. எந்தப் பிள்ளை சித்தியடையாது என்று எதிர்வுகூறச் சொல்லி ஏஐயிடம் கேட்கவே வேண்டாம். 36 பேரின் ஒரு தவணைப் புள்ளியிலிருந்து அதைச் சொல்ல யாராலும் முடியாது, சொன்ன சொல்லோ பிள்ளையை விட்டுப் போகாது.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் ஏஐக்கு வேலை. அங்கே அது உண்மையிலேயே கைகொடுக்கும். இப்படி எழுதுங்கள்: 'இலங்கையில் தமிழ்மொழிமூலம் தரம் 11 விஞ்ஞானம் படிக்கும் மாணவர்கள். தொடர்ச்சுற்றில் மின்னோட்டம் முதலாவது குமிழில் செலவாகிறது என்று 36 பேரில் 16 பேர் நினைக்கிறார்கள். இந்த எண்ணத்தைச் சோதிக்கும் ஐந்து பல்தேர்வு வினா தாருங்கள். ஒவ்வொரு பிழையான விடைக்கும், பிள்ளை ஏன் அதைத் தெரிவுசெய்யக்கூடும் என்று ஒரு வரி எழுதுங்கள்.' கடைசி வரிதான் முக்கியம். அது இல்லாவிட்டால் யாரும் ஏமாறாத உப்புச்சப்பற்ற விடைகளைப் போட்டு இடத்தை நிரப்பும். ஒரேயடியாக 40 வினா கேட்காதீர்கள், நீளம் கூடக்கூடத் தரம் இறங்கும். ஆங்கிலத்தைவிடத் தமிழைக் கூடுதலான துண்டுகளாக உடைத்தே இக்கருவிகள் வாசிக்கின்றன என்பதால் இலவசக் கணக்கின் எல்லையும் சீக்கிரம் வந்துவிடலாம்.

வருகிற தமிழ் பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பாடநூல் தமிழாக இருக்கும். ஆக்ஸிஜன், கார்பன் டை ஆக்சைடு, முடுக்கம், அழுத்தம் என்று எழுதும். நம் பிள்ளைகள் படித்தது ஒட்சிசன், காபனீரொட்சைட்டு, ஆர்முடுகல், அமுக்கம். பரீட்சை மண்டபத்தில் அவர்கள் காணப்போவதும் அதுதான். அந்த அலகின் கலைச்சொற்களை நம் பாடநூலிலிருந்து எடுத்து 'இந்தச் சொற்களையே பயன்படுத்துங்கள்' என்று கேள்வியோடு சேர்த்துக் கொடுங்கள், பெருமளவு திருந்தும். பிறகு அது தந்த விடையைப் பாராமல் ஒவ்வொரு வினாவையும் நீங்களே செய்யுங்கள். இரண்டு விடை சரியாக வருகிறதா, சரியான விடை மட்டும் நீண்டுபோய்த் தன்னைக் காட்டிக்கொடுக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் செய்து பார்க்காத ஒரு வினாவும் வகுப்புக்குப் போகக்கூடாது.

பெயர் விடயம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகள் பற்றிய தரவை விசேட வகையாகக் கொள்கிறது. அட்டவணையில் 1 முதல் 36 வரை இலக்கம் போட்டு, எந்த இலக்கம் யார் என்பதை உங்கள் கொப்பியில் மட்டும் வைத்திருங்கள். பெயர், பாடசாலை, வீட்டு நிலைமை எதுவும் ஏஐக்குப் போகத் தேவையில்லை. மேலே உள்ள மாதிரிக் கேள்வியில் அப்படி ஒன்றும் இல்லை, பாருங்கள்.

எக்செல் ஓடவில்லை என்றால் உங்கள் பாடசாலையின் தகவல் தொழினுட்ப ஆசிரியரிடம் கேளுங்கள். கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கும் பழைய மாணவர் யாராவது இருந்தால் இன்னும் நல்லது, அவர்களுக்கு இது சிறிய வேலை.

வீட்டுவேலைக்கு வருவோம். துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்பாடசாலை மாணவர்களைக் கொண்டு கணிதத்தில் செய்த ஆய்வொன்று 2025இல் வெளியானது. சாதாரண சற்ஜிபிடி போன்ற கருவியை வைத்திருந்தவர்கள் பயிற்சியின்போது 48 சதவீதம் கூடச் செய்தார்கள். கருவியை எடுத்துவிட்டுப் பரீட்சை வைத்தபோது, அதைத் தொடாதவர்களைவிட 17 சதவீதம் குறைவாகச் செய்தார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி ஆசிரியர்களின் உதவியோடு அமைத்த கருவியைப் பயன்படுத்தியவர்களிடம் அந்தப் பாதிப்பு பெரும்பாலும் காணப்படவில்லை. தடைபோட்டு நிறுத்த முடியாத ஒன்றை எப்படிப் பயன்படுத்துவது என்று இந்த முடிவே சொல்கிறது.

பிள்ளை முதலில் கொப்பியில் தன் கையால் விடை எழுதட்டும், பிழையென்றாலும் பரவாயில்லை. அதன்பிறகு ஏஐயிடம் 'என் விடையில் எந்தப் படி பிழை? விடையைச் சொல்லாமல் ஒரு குறிப்பு மட்டும் தா' என்று கேட்கட்டும். முதல் விடையை அழிக்கக்கூடாது, திருத்தத்தை வேறு நிறப் பேனாவால் பக்கத்தில் எழுத வேண்டும். புள்ளியை அந்த முதல் விடைக்கும் திருத்தத்துக்கும் சேர்த்தே போடுங்கள். போன் இல்லாத வீட்டுப் பிள்ளை அதே குறிப்பை உங்களிடமோ பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடமோ கேட்கலாம், அதனால் அதற்கு ஒரு குறையும் வராது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் சற்ஜிபிடி பயன்படுத்தப் பெற்றோரின் அனுமதி வேண்டும் என்று அதன் விதிகளே சொல்வதால், அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதை வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

ஏஐ எழுதியதா என்று கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்பி எந்தப் பிள்ளையையும் குற்றம் சாட்டாதீர்கள். ஓபன்ஏஐ நிறுவனம் தானே வெளியிட்ட அப்படியொரு கருவியை, துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. சந்தேகம் வந்தால் கொப்பியோடு பிள்ளையை மேசைக்குக் கூப்பிட்டு 'இரண்டாவது குமிழைக் கழற்றினால் முதலாவது என்னாகும், ஏன்?' என்று கேளுங்கள். விளங்கி எழுதிய பிள்ளை இரண்டு வசனத்தில் சொல்லிவிடும். சொல்ல முடியாவிட்டால் அந்தப் பிள்ளையின் இலக்கத்தை, அம்பியர்மானியோடு திரும்பப் படிப்பிக்கப்போகிற 16 பேரோடு சேர்த்துவிடுங்கள்.